கம்பளத்தின் ஓரம்: நாடாவா, சுற்றுத் தையலா, கம்பளிப் பட்டியா?

போன மாதம் கனடாவின் டார்ட்மத்தில் இருக்கும் தோழி ஒருத்தி போன் செய்தாள். "அக்கா, ரக் முடிஞ்சிடுச்சு. ஓரத்தை என்ன பண்றது?"

"அப்போ இன்னும் முடியலை" என்றேன்.

ஐந்து மாதம் உட்கார்ந்து கொக்கியால் இழுத்த கம்பளம் அது. 24-க்கு 36 அங்குலம், சணல் துணிமேல் கம்பளிக் கீற்று, நடுவில் கொண்டை பெரிதான ஒரு சேவல். சமையலறையில் சிங்க்குக்கு முன்னால் போடப்போகிறாள். சுற்றிலும் நாலு அங்குலம் வெறும் துணி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை மடித்துத் தைத்தால் போதுமா, நாடா வாங்க வேண்டுமா, இல்லை எல்லோரும் சொல்கிற மாதிரி நூலால் சுற்ற வேண்டுமா? போனில் அரை மணி நேரம் முன்பின்னாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கொக்கிக் கம்பளத்தைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. சட்டத்தில் இறுக்கிய அடித்துணிக்குக் கீழே ஒரு கையில் கம்பளிக் கீற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கொக்கியைத் துணியின் ஓட்டைக்குள் விட்டு, கீற்றைக் கண்ணியாக மேலே இழுக்க வேண்டும். அடுத்த ஓட்டை, அடுத்த கண்ணி. முடிச்சு கிடையாது, பசை கிடையாது. பக்கத்துக் கண்ணிகள் நெருக்குவதால்தான் ஒவ்வொரு கண்ணியும் நிற்கிறது. கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலே நிற்கலாமே, அந்த மாதிரி. ஆனால் படிக்கட்டில் நிற்பவன் பாடு வேறு. அவனுக்கு ஒரு பக்கம் சாய ஆளில்லை. கடைசி வரிசைக் கண்ணிகளின் நிலைமையும் அதுதான்.

ஜமக்காளத்துக்கு இந்தக் கவலை இல்லை. தறியிலேயே கரை கட்டி வந்துவிடுகிறது. கொக்கிக் கம்பளம் நெசவு அல்ல, ஒரு துணிமேல் செய்த வேலை. அந்தத் துணியின் வெட்டிய விளிம்பை யாராவது காப்பாற்றியாக வேண்டும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து கனடாவின் கடலோர மாகாணங்கள், நியூஃபவுண்ட்லாந்து வரை குளிர்காலத்தில் பெண்கள் வளர்த்த வேலை இது. அது பரவியதற்கு ஒரு காரணம் சாக்கு. வங்காளத்துச் சணல் முதலில் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளில் துணியானது. 1855-இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் ஆலை வந்தபின் இந்தியாவிலிருந்தும் போனது. தானியமும் தீவனமும் வந்த சாக்கைப் பிரித்துத் துவைத்தால் காசில்லாமல் அடித்துணி கிடைத்தது. அதன் நெசவு இடைவெளி கொக்கிக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. மெய்னில் பிடஃபோர்ட் ஊரின் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட், வீடு வீடாகத் தகரச் சாமான் விற்றவர், 1868 வாக்கில் தகட்டில் அச்சு வெட்டிச் சணல் துணியில் கோலம் அடித்து விற்கத் தொடங்கினார். அதன்பிறகு வரையத் தெரியாதவர்களும் சிங்கமும் பூச்செண்டும் இழுத்தார்கள்.

ஓரத்துக்கு அந்தக் காலத்துப் பெண்கள் என்ன செய்தார்கள்? பலர் துணியின் ஓரத்தை முதலிலேயே மடித்துவைத்து, இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கண்ணி இழுத்தார்கள். நாடாச் செலவில்லை, நூல் செலவில்லை. இன்று அந்தக் கம்பளங்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் நடுப்பாகம் நன்றாக இருக்கும், ஓரம் மட்டும் நைந்து, பிற்பாடு யாரோ கறுப்பு நாடா வைத்துத் தைத்திருப்பார்கள். சணலில், மரத்தில் இருக்கிற லிக்னின் என்ற பொருள் அதிகம். வருடம் ஆக ஆக அமிலம் ஏறி, துணி மொறமொறவென்று ஆகிவிடும். மொறமொறத்த துணி முதலில் விடுவது மடிப்பில், மடிப்பு இருப்பது ஓரத்தில்.

சேலைக்கு ஃபால்ஸ் எதற்கு வைக்கிறோம்? தரையில் உரசித் தேய்வது ஃபால்ஸாக இருக்கட்டும், சேலையாக இருக்க வேண்டாம் என்றுதான். நைந்தால் பிரித்துப் போட்டுவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம். கம்பள ஓரத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எந்த முறையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கேட்பது இதைத்தான்: இங்கே தேயப்போவது எது? அது தேய்ந்தபின் கண்ணியைத் தொடாமல் மாற்ற முடியுமா? அழகு, செலவு, நேரம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஊசி எடுப்பதற்கு முன்

எந்த முறையானாலும் முதலில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். பிறகு தரையில் பரப்பி மறுநாள் வரை காயவிட வேண்டும். கோணல்மாணலாக இருக்கும்போதே ஓரம் தைத்தால் அந்தக் கோணல் அப்படியே நின்றுவிடும்.

அப்புறம் கடைசிக் கண்ணியிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி மெஷினில் இரண்டு சுற்று ஜிக்ஜாக் அடித்து, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மாங்க்ஸ் கிளாத் என்று விற்கிற மெத்தென்ற பருத்தித் துணியில் வேலை செய்திருந்தால் ஜிக்ஜாக் அடிக்காமல் கத்தரியைத் தொடவே கூடாது. வெட்டிய நிமிடமே இழை இழையாக அவிழும். லினன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சணல் இரண்டுக்கும் நடுவில்.

இஸ்திரி போட்டபிறகும் ஓரம் சுருண்டு நின்றால், அது ஓரம் கட்டுவதால் சரியாகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் கண்ணி இழுத்து அடைத்திருப்பீர்கள். கடைசி இரண்டு வரிசையைப் பிரித்து, இரண்டு மூன்று கண்ணிக்கு ஓர் ஓட்டை விட்டு மறுபடி இழுப்பதே நல்லது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

வெறும் மடிப்பு

துணியைப் பின்பக்கம் இரண்டு தடவை மடித்துக் கையால் ஹெம்மிங். ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும், செலவு நூல்கண்டு மட்டும். தேயப்போவது எது என்று கேட்டால், அடித்துணியேதான். போனால் வைத்துத் தைக்க எதுவும் மிஞ்சாது.

சுவரில் மாட்டுவதற்கு இது போதும். கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், செட்டிகாம்ப் ஊரில், லே த்ருவா பின்யோன் என்ற அருங்காட்சியகத்தில் எலிசபெத் லஃபோர்ட் இழுத்த கம்பள ஓவியங்கள் இருக்கின்றன. மெல்லிய கம்பளி நூலில், முகத்தின் நிழல் வரைக்கும் கொண்டுவந்தவர். அவையெல்லாம் கால் படாதவை. உங்களுடையதும் சுவருக்குத்தான் என்றால் மற்ற முறைகளைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மடித்துத் தையுங்கள், மேலே கழி நுழைக்க ஒரு பட்டி வையுங்கள், போதும்.

பருத்தி நாடா

ஒன்றேகால் அங்குல அகலத்தில் ட்வில் நெசவு நாடா. ரக் பைண்டிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். பலரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். நானும் அப்படித்தான்.

என் முதல் கம்பளத்துக்கு நாடாவைக் கடையிலிருந்து வந்த கையோடு தைத்தேன். ஒரு வருடம் நன்றாக இருந்தது. ஒருநாள் மேலே சாம்பார் கொட்டி, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்தேன். காய்ந்தபிறகு பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி நடு உப்பி நிற்கிறது. லினன் அப்படியே இருக்க, சுற்றிலும் நாடா மட்டும் சுருங்கி, சுருக்குப்பையின் வாயை இழுத்த மாதிரி இழுத்துவிட்டது. ஃபால்ஸை ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் சேலையில் வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கனடாவில் வாங்கிய நாடா என்றதும் ஏனோ மறந்துவிட்டது. ஆகவே: நாடாவைச் சூடான தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் தையுங்கள். 24-க்கு 36 கம்பளத்துக்குச் சுற்றளவு 120 அங்குலம். சுருக்கம், மூலை, கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று வருவது எல்லாம் சேர்த்து 4 கஜம் வாங்கினால் இழுபறி இல்லை.

நாடாவை வைக்க இரண்டு வழி. ஒன்று, கண்ணி இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே கோலத்தின் எல்லைக் கோட்டில் மெஷினால் தைத்துவிடுவது. தையல் நேராக விழும், நாடாவின் விளிம்பு வரை நெருக்கிக் கண்ணி இழுக்கலாம். ஆனால் நடுவழியில் "இன்னும் ஒரு அங்குலம் பார்டர் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றினால் வழியில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். மற்றது, எல்லாம் முடிந்தபின் கையால் தைப்பது. இடது கட்டைவிரலால் கண்ணிகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையை ஒட்டி நாடாவை முன்பக்கத்தில் வைத்துப் பின்தையல் போட்டு, பிறகு மொத்தமாகப் பின்னால் திருப்பி மறுவிளிம்பை ஹெம்மிங் செய்ய வேண்டும்.

முன்பக்கத்தில் வைத்துத் திருப்புகிறபோது மடிப்பின்மேல் நாடா வந்து மூடிக்கொள்கிறது. பின்பக்கம் மட்டும் வைத்துத் தைத்தால் மடிப்பில் அடித்துணி வெறுமனே நிற்கும். நாடா வைத்தேன், அப்படியும் ஓரம் போய்விட்டது என்பவர்கள் பெரும்பாலும் பின்பக்கம் மட்டும் வைத்த ரகம்.

சரியாக வைத்த நாடாவுக்கும் ஒரு குறை உண்டு. அது தட்டையானது. கண்ணிகள் கால் அங்குலம் உயரத்தில் நிற்க, ஓரம் கீழே ஒடுங்கிப் போகிறது. செருப்பின் நுனியும் நாற்காலிக் காலும் வாக்குவம் கிளீனரும் முதலில் மோதுவது கடைசி வரிசைக் கண்ணியில். நாடா அடியில் பத்திரமாக இருக்கும், கண்ணி அடிபடும்.

வட்டமோ முட்டை வடிவமோ என்றால் ட்வில் நாடா வளையாது. உள்விளிம்பில் நூலோட்டிச் சுருக்க வேண்டும், அல்லது சின்னச் சின்னக் கொசுவமாகத் தைக்க வேண்டும். பார்க்க அவ்வளவு சரியாக வராது.

கயிறு வைத்துச் சுற்றுத் தையல்

தரையில் போடுகிற கம்பளத்துக்கு நான் சொல்வது இதைத்தான். வேலை அதிகம் என்பதை மறைக்கவில்லை.

கால் அங்குலப் பருத்திக் கயிற்றைக் கடைசி வரிசையை ஒட்டிப் பின்பக்கம் வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் துணியை அதன்மேல் மடித்து, சாதாரணத் தையல் நூலால் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பெரிய காதுள்ள மொண்ணை ஊசியில் இரண்டு இழைக் கம்பளி நூலைக் கோத்து, கண்ணியை ஒட்டிய குழியில் விட்டு எடுத்து, கயிற்றைச் சுற்றி, மறுபடி அடுத்த குழியில். தேங்காய் நார்க் கயிற்றுக்குத் துணி சுற்றுகிற மாதிரி, இடைவெளி தெரியாமல். முடிந்ததும் கம்பளத்தைச் சுற்றி உருண்டையாக ஒரு வரப்பு நிற்கும். கண்ணியின் உயரமும் வரப்பின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. மோதல் எல்லாம் வரப்புக்கு. இருபது வருடம் கழித்து நூல் தேய்ந்தால் அந்த இடத்தை மட்டும் பிரித்துப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். அடித்துணிக்கும் கண்ணிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

நூல் கம்பளியாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் உல்லன் நூல் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக், இங்கேயும் மலிவுக் கூடையில் கிடப்பது அதுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைத் தீயில் காட்டுங்கள். கம்பளி, முடி கருகுகிற நாற்றத்தோடு பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியாகும். ஓரம் முடிந்தபின் இஸ்திரி போடும்போது அந்த உருகல் உங்களுக்கு வேண்டாம்.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுவது. கடையில் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். உங்கள் கையின் இறுக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு அங்குலம் சுற்றிப் பார்த்து, பிரித்து, நூலை அளந்துவிடுங்கள். எனக்கு இரண்டு இழையும் சேர்த்து ஒரு அங்குலத்துக்கு 25 அங்குலம் பிடிக்கிறது. 120 அங்குலச் சுற்றளவுக்கு 3000 அங்குலம், அதாவது 83 கஜம் சொச்சம். மூலை, நூல் முனையில் விடுகிற வால், தவறு எல்லாம் சேர்த்து 100 கஜம் என்று வைத்துக்கொள்வேன். குறையாமல் ஒரே சாயத் தொகுதியில் வாங்கிவிட வேண்டும். மூன்று பக்கம் சிவப்பு, நாலாவது பக்கம் கொஞ்சம் வேறு சிவப்பு என்று ஒரு கம்பளம் எங்கள் வீட்டு மாடிப்படி அடியில் கிடக்கிறது. வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை, நான் தினமும் கவனிக்கிறேன்.

நேரம்: எனக்கு ஒரு அடிக்கு முக்கால் மணி. பத்து அடிக்கு ஏழரை மணி நேரம். ஒரே மூச்சில் செய்தால் கட்டைவிரல் வீங்கும்.

சில நுணுக்கங்கள். மூலையில் தொடங்காதீர்கள், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். கயிற்றின் இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, பாம்பு எலியை விழுங்கிய மாதிரி அங்கே மட்டும் புடைக்கும். முட்ட முட்ட வைத்து நூலால் கட்டிவிடுங்கள். நூலுக்கு முடிச்சுப் போட வேண்டாம், வாலைக் கயிற்றோடு படுக்கவைத்து அதன்மேலேயே சுற்றிக்கொண்டு போனால் போதும். ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள், சணல் துணி ஒவ்வொரு தடவையும் கம்பளியைக் கொஞ்சம் அரித்துக்கொண்டே இருக்கும்.

மூலை தனி விஷயம். உள்பக்கம் ஒரே ஓட்டை, வெளிப்பக்கம் சுற்றிப் போகிற தூரம் அதிகம். விசிறி விரிகிற மாதிரி நூல் விரிந்து நடுவில் அடித்துணி பல் இளிக்கும். ஒரே ஓட்டையில் இரண்டு மூன்று தடவை போக வேண்டும். அதற்கும் மேல் பழைய கைகள் செய்கிற ஒரு தந்திரம் உண்டு: சுற்றத் தொடங்குமுன் மடிப்பு முழுக்க, நூலின் நிறத்திலேயே அழியாத மார்க்கர் பேனாவால் தடவிவிடுவது. அப்புறம் எங்கே இடைவெளி விழுந்தாலும் கண்ணுக்குப் படாது. கூர்மூலையை வரையும்போதே கொஞ்சம் உருட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அப்போதே தீர்ந்தது.

கடைசியாக, பின்பக்கம் தெரிகிற வெட்டு விளிம்பை மறைக்க அலசிய நாடாவை ஒட்டி ஹெம்மிங் செய்தால் வேலை முழுமை. இங்கே நாடாவுக்குத் தேய்கிற வேலை இல்லை, மூடுகிற வேலை மட்டும்.

நூலுக்குப் பதில் கம்பளம் இழுத்த அதே கம்பளிக் கீற்றால் சுற்றுகிறவர்களும் உண்டு. 8-ஆம் எண் வெட்டு, அதாவது கால் அங்குல அகலம். தடித்த, நாட்டுப்புறத் தோற்றம் வரும். ஆனால் கீற்று முறுக்கு இல்லாதது. இழுக்க இழுக்க விளிம்பு பஞ்சாகி, நெசவு தளர்ந்த இடத்தில் அறுந்துவிடும். ஒன்று செய்து பார்த்தேன், இரண்டாவது செய்யவில்லை.

கம்பளித் துணியில் பட்டி

தையல்காரர்கள் பட்டி வைப்பது என்று சொல்கிற அதே வேலை. இரண்டரை அங்குல அகலத்தில் கம்பளித் துணியை வெட்டி, நல்ல பக்கம் கீழே பார்க்க, கடைசிக் கண்ணியை ஒட்டித் தைத்து, பின்னால் திருப்பி ஹெம்மிங். உள்ளே கயிறு வைத்தால் பைப்பிங் ஆகிவிடும், அப்போது சுற்றுத் தையலில் வரும் வரப்பு இதிலும் வரும்.

நேரம் குறைவு என்பவர்களுக்கு என் பதில் இது. பத்து அடிக்கு இரண்டு சாயங்காலம். கம்பளத்தில் பயன்படுத்திய துணியே மிச்சம் இருந்தால் நிறமும் ஒத்துப்போகும். கட்டம் போட்ட துணி என்றால், அந்தக் கட்டம் ஓரத்தில் ஓடுகிற அழகை நூலால் கொண்டுவர முடியாது. வட்டத்துக்கும் முட்டை வடிவத்துக்கும் துணியைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டினால் வளைவில் தானாகப் படியும், ட்வில் நாடாவோடு மல்லுக்கட்டுகிற வேலை இல்லை. நாற்காலி மெத்தைக்கு வட்டமாக இழுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யலாம்.

தேய்வது பட்டித் துணி, மாற்றலாம். ஆனால் சுற்றுத் தையலில் தேய்ந்த இரண்டு அங்குலத்தை மட்டும் சரிசெய்வது மாதிரி இதில் முடியாது, ஒரு பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் தரைக்கு இரண்டாம் இடம் கொடுக்கிறேன். அந்தக் காரணம் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாவிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மற்றவை

குரோஷா ஓரம் மேஜை விரிப்புக்கு அழகு. தரையில் அந்த வளைவுகளில் கால் விரல் மாட்டும். சடை பின்னிச் சுற்றிலும் கோத்து வைப்பது பழைய முறை, கனமான ஓரம் என்பதால் கம்பளம் தரையோடு படிந்து கிடக்கும். ஆனால் சடைக் கம்பளம் தனியாக ஒரு கலை, ஓரத்துக்காக அதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். இழுத்து முடித்தபின் கம்பளம் இடத்துக்குச் சின்னதாகப் போய்விட்டது என்றால் மட்டும் இது கை கொடுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் அளவு கூடிக்கொண்டே போகும்.

பின்பக்கம் லேடெக்ஸ் என்ற ரப்பர் பசை பூசுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். துப்பாக்கி மாதிரியான கருவியால் துணியில் நூலைக் குத்தி ஏற்றுகிற டஃப்டிங் செய்கிறவர்கள் பூசுவதைப் பார்த்துவிட்டு வருகிற கேள்வி. அவர்களுக்கு வேறு வழியில்லை, பசை இல்லாவிட்டால் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். கொக்கிக் கம்பளத்துக்கு அது தேவையே இல்லை. லேடெக்ஸ் சில வருடங்களில் காய்ந்து, பொடியாகி, அடித்துணியையும் சேர்த்துக் கெடுக்கும். அதன்பிறகு ஊசிகூட உள்ளே இறங்காது, பழுது பார்க்க நினைத்தாலும் முடியாது. சூட்டுப் பசையும் இஸ்திரியில் ஒட்டுகிற நாடாவும் அதே கதைதான்.

கார்ப்பெட் கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்துவிடலாமே என்று ஒரு தடவை எனக்கும் தோன்றியது. நடைவழிக்கு இழுத்த நீளக் கம்பளம், சுற்றளவு அதிகம், பொறுமை இல்லை. பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். அவர்கள் மெஷின் ஆலைக் கார்ப்பெட்டுக்கானது, பின்பக்கம் விறைப்பாக இருக்கிற சரக்கை எதிர்பார்க்கிறது. என் கம்பளத்தை வாங்கி ஒரு பக்கம் முழுக்கக் கடைசி வரிசைக் கண்ணிகளைக் கடித்துத் துப்பிவிட்டது. செயற்கை நூலின் பளபளப்பு வேறு. பிரித்து, மறுபடி இழுத்து, மறுபடி கையாலேயே சுற்றினேன். "மெஷினில் இப்படித்தான் வரும்" என்றார் கடைக்காரர். அதுவும் நியாயம்தான், மெஷின் தெரிந்தவர் அவர், கம்பளம் தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

தோழியின் கம்பளம்

திரும்பவும் அந்தச் சேவலுக்கு வருகிறேன். சணல் துணி, சமையலறைத் தரை, சிங்க்குக்கு முன்னால் நாளெல்லாம் நிற்கிற கால், சிந்துகிற தண்ணீர். இத்தனையும் சேர்ந்த இடத்தில் வெறும் மடிப்பு எடுபடாது. நாடாவில் அவளுக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது, ஏனென்றால் மூன்று வாரத்தில் அம்மா ஊரிலிருந்து வருகிறார்.

"அம்மா வர்றதுக்குள்ள சுற்றி முடிக்க முடியுமாக்கா?"

"ஒரு நாளைக்கு அரை அடி. இருபது நிமிஷம். இருபதாவது நாள் முடிஞ்சிடும்."

"நாடான்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுமே."

"முடிஞ்சிடும். சேவல் வால் ஓரத்துலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. போய் அளந்திருப்பாள். வால் நுனியிலிருந்து ஓரத்துக்கு இரண்டே வரிசை. கடைசி வரிசை போனால் அடுத்துப் போவது வால்.

பார்டர் அடர் பச்சை. சுற்றுவதற்கும் அதே பச்சையா, கறுப்பா என்று அடுத்த கேள்வி. பார்டரின் நிறத்திலேயே சுற்றினால் கம்பளம் பெரிதாகத் தெரியும், தையலின் மேடுபள்ளம் மறையும். கறுப்பு, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நிறுத்தும், ஆனால் ஒவ்வொரு கோணலையும் காட்டிக்கொடுக்கும். முதல் தடவை சுற்றுகிறவர்களுக்கு மூன்றாவது ஒன்று சொல்வேன்: இரண்டு இழையில் ஒன்று பச்சை, ஒன்று அதைவிடக் கொஞ்சம் கறுத்த பச்சை. கலந்து வருகிற நிறத்தில் யார் கண்ணுக்கும் கோணல் பிடிபடாது. அவள் பச்சை மட்டும் போதும் என்றாள்.

ஆறாவது நாள் முதல் மூலையின் படம் வந்தது. நேர்ப்பக்கம் அவ்வளவு நெருக்கம், என் முதல் சுற்றைவிட நன்றாக. மூலையில் மட்டும் பச்சைக்கு நடுவே பழுப்பாக நாலைந்து கோடு.

"மார்க்கர் போட்டியா?"

"மறந்துட்டேன்கா."

பிரிக்க வேண்டாம் என்றேன். மெல்லிய முனையுள்ள பச்சை மார்க்கரை நூலுக்கு இடையில் விட்டு, சணல்மேல் மட்டும் படுகிற மாதிரி தொட்டுத் தொட்டு எடு, மற்ற மூன்று மூலைக்கும் இப்போதே தடவி வை.